திரும்பி வராத டகோட்டாக்கள்: பழைய விமானங்களின் வரலாற்றை எங்கிருந்து எழுதுவது?

சந்திரகிரிக் கோட்டைக்குச் செல்லும் மாணவர்கள் ராஜ மகாலையும் ராணி மகாலையும் வியந்து பார்த்துத் திரும்புகிறார்கள். மரத்தைத் தவிர்த்துக் கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றால் எழுப்பப்பட்ட ராஜ மகால் இன்றும் உறுதியாக நிற்கிறது. ‘அந்தக் காலத்துக் கட்டடம், அசையவே இல்லை’ என்ற பேச்சு அங்கே இயல்பாக எழுகிறது. ஆனால் அதே கோட்டையைச் சார்ந்து வாழ்ந்த படைவீரர், பணியாளர், கைவினைஞர் ஆகியோரின் வீடுகள் எங்கே? அவையும் அந்தக் காலத்துக் கட்டடங்களே. எஞ்சியதை மட்டும் பார்த்து ஒரு காலத்தின் கட்டடங்கள் அனைத்தையும் மதிப்பிடுவது பிழை. பழைய விமானங்களைப் பற்றிய பேச்சிலும் எழுத்திலும் இதே பிழை பெரும்பாலும் கேள்வியின்றி இடம்பெறுகிறது. இரட்டை எஞ்சின் டகோட்டாவின் கதை இதற்குத் தெளிவான சான்று.

டக்ளஸ் டி.சி.–3 விமானம் முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 அன்று. அதன் இராணுவ வடிவமான சி–47, இரண்டாம் உலகப் போரின்போது பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. பிரிட்டிஷார் அதற்கு வைத்த ‘டகோட்டா’ என்ற பெயரே இந்தியாவில் நிலைத்தது. போர் முடிந்ததும் உபரியாகிப்போன விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாங்கிப் புதிய நிறுவனங்கள் தோன்றின. பெங்களூரின் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, படைவீரர்களையும் சரக்கையும் சுமந்த அவ்விமானங்கள் பலவற்றைப் பயணிகள் விமானங்களாக மாற்றித் தந்தது. 1953 ஆகஸ்ட் 1 அன்று எட்டு உள்நாட்டு நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது அதற்கு வந்துசேர்ந்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள். சுதந்திர இந்தியாவின் வான்போக்குவரத்து, கைமாறி வந்த போர்க்கால விமானங்களைக் கொண்டே வளர்ந்தது என்பதற்கு இந்த எண்ணிக்கையே போதும்.

இன்று பொதுமக்கள் அறிந்த டகோட்டாக்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று ‘பரசுராமா’. அயர்லாந்தில் கழித்துக்கட்டப்பட்ட நிலையில் கிடந்த ஒரு டகோட்டாவை ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, பிரிட்டனில் சீரமைத்து, விமானப்படைக்குக் கொடையாக அளித்தார். 2018 மே மாதம் ஹிண்டன் தளத்தில் அது படையில் சேர்க்கப்பட்டது. அதன் உடலில் எழுதப்பட்டிருக்கும் எண் வி.பி. 905. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவினரைச் சுமந்து ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் நினைவாக இடப்பட்ட எண் அது. ஸ்ரீநகரில் இறங்கியது வேறு விமானம், இன்று பறப்பது வேறு விமானம். நினைவுக்கு இது போதும். வரலாற்றுக்கு மட்டும் இது போதாது. ஒரு விமானத்தின் அடையாளம் அதன் மேற்பூச்சில் இல்லை. தொழிற்சாலை அதற்கு இட்ட உற்பத்தி எண்ணிலும், ஒவ்வொரு உரிமையாளரும் நிரப்பிச் சென்ற பராமரிப்புக் குறிப்பேடுகளிலும் இருக்கிறது.

பிஜு பட்நாயக்கின் டகோட்டாக்களிலும் இந்த வேறுபாடு முக்கியமானது. கொல்கத்தா விமான நிலையத்தில் பல பத்தாண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்த கலிங்கா ஏர்லைன்ஸ் டகோட்டா ஒன்று 2023 ஜனவரியில் பிரித்தெடுக்கப்பட்டுப் புவனேசுவரம் கொண்டுவரப்பட்டது. அதன் பதிவெண் வி.டி.–ஏ.யு.ஐ. மக்கள் அதைப் பெருமிதத்துடன் பார்க்கிறார்கள். பெருமிதத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் பட்நாயக்குக்குச் சொந்தமான இன்னொரு டகோட்டாவும் இருந்தது. அதன் பதிவெண் வி.டி.–சி.எல்.ஏ. மலாயா செஞ்சிலுவைச் சங்கத்தின் மருந்துகளுடன் சிங்கப்பூரிலிருந்து சென்ற அதனை 1947 ஜூலை 29 அன்று யோக்யகர்த்தாவுக்கு அருகே டச்சுப் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அதிலிருந்த ஒன்பது பேரில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். இந்தோனேசிய விமானப்படையின் முன்னோடிகளான அடிசுசிப்தோவும் அப்துல்ரஹ்மான் சாலேவும் இறந்தோரில் அடங்குவர். அந்நாட்டு விமானப்படை இன்றும் அந்த நாளை நினைவுநாளாகக் கொள்கிறது. புவனேசுவரத்தில் நிற்கும் விமானம் மட்டும் முழுக் கதையையும் சொல்லிவிட முடியாது.

இந்தச் சிக்கலுக்குக் கணித வடிவம் கொடுத்தவர் ஆபிரகாம் வால்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் 1943இல் அவர் எழுதிய குறிப்புரைகள், போரிலிருந்து திரும்பிய விமானங்களில் காணப்பட்ட சேதத்தைக் கொண்டு, எந்தப் பகுதியில் அடிபட்டால் விமானம் வீழும் என்பதைக் கணிக்க முயன்றன. திரும்பிய விமானங்களில் குண்டுத்துளைகள் நிறைந்த இடங்கள், அடிபட்டாலும் விமானம் தாங்கக்கூடிய இடங்கள். துளையே காணப்படாத இடங்களைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அங்கே அடிபட்டவை திரும்பவில்லை. சிவப்புப் புள்ளிகள் இட்ட விமானப் படத்துடன் இணையத்தில் உலவும் கதை பிற்காலப் புனைவு கலந்தது. வால்டு எழுதியவை சமன்பாடுகள் நிறைந்த குறிப்புரைகள். ஆயினும் அக்கதையின் மையக் கருத்து அவருடையதே.

அந்த வால்டு, இந்திய அரசின் அழைப்பை ஏற்று விரிவுரைப் பயணமாக வந்திருந்தபோது, 1950 டிசம்பர் 13 அன்று தம் மனைவியுடன் ஒரு விமான விபத்தில் இறந்தார். நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே மலைமீது மோதிய அந்த விமானம் ஏர் இந்தியாவின் டகோட்டா, பதிவெண் வி.டி.–சி.எஃப்.கே. அதில் இருந்த 21 பேரும் மாண்டனர். திரும்பி வராத விமானங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று காட்டிய அறிஞர், திரும்பி வராத ஒரு விமானத்தில் தமிழ் மண்ணில் உயிர்நீத்தார். புள்ளியியல் வகுப்புகளில் குண்டுத்துளைக் கதை சொல்லப்படும்போது கோத்தகிரியின் பெயரும் சொல்லப்பட வேண்டும்.

இதை விதியின் விளையாட்டு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அதைவிடப் பயனுள்ளது அந்த விபத்தின் தன்மையைப் பார்ப்பது. டகோட்டாவின் புகழுக்கு முக்கியக் காரணம் அதன் இறக்கை. பல உட்தூண்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் சில டகோட்டாக்கள் பறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த நீண்ட ஆயுளையே பாதுகாப்புக்குச் சான்றாகப் பலர் காட்டுகிறார்கள். ஆனால் கோத்தகிரியில் இறக்கை முறியவில்லை. விபத்துக்கு வழிகணிப்பில் நேர்ந்த பிழையே காரணம் எனப் பதிவாகியுள்ளது. 1953 டிசம்பர் 12 அன்று நாக்பூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய டகோட்டா, மேலெழுந்த சிறிது நேரத்தில் எஞ்சின் பழுதாகி விழுந்தது. 13 பேர் இறந்தனர். விமானி மட்டுமே தப்பினார். அங்கும் இறக்கை குற்றவாளி அல்ல. உடற்கூட்டின் உறுதி வேறு, பயணத்தின் பாதுகாப்பு வேறு. எஞ்சின் பராமரிப்பு, சுமையின் அளவு, வானிலைத் தகவல், வழிகாட்டும் கருவிகள், விமானியின் பயிற்சி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே பாதுகாப்பு. இவற்றில் பெரும்பாலானவை உரிமையாளரின் பொறுப்பு. ஆகவே ஒரு பழைய விமானத்தின் உரிமை வரலாறும் பாதுகாப்பு வரலாறும் ஒன்றையொன்று விட்டுப் பிரிக்க முடியாதவை.

நாக்பூர் விபத்து நிகழ்ந்தபோது நாட்டுடைமையாக்கம் முடிந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. இதனால் உரிமை மாற்றமே விபத்துக்குக் காரணம் என்று முடிவுகட்டுவது அவசரம். எட்டு நிறுவனங்களின் எட்டு விதமான பராமரிப்பு முறைகள் ஒரே கூரையின் கீழ் வந்தபோது என்ன நேர்ந்தது என்ற கேள்வி மட்டும் தவிர்க்க முடியாதது. அதற்கு விடைகாண, விபத்துகளின் எண்ணிக்கை மட்டும் உதவாது. ஒவ்வொரு விமானமும் யாரிடம் எத்தனை மணி நேரம் பறந்தது என்பதும் வேண்டும். வகுக்கும் எண் இல்லாமல் விகிதம் இல்லை.

கொண்டாடப்படும் விமானங்களைப் பற்றி இத்தகைய கேள்விகளை எழுப்புவது நினைவை அவமதிப்பதாகும் என்று சிலர் கருதலாம். சுவிட்சர்லாந்தின் அனுபவம் வேறு பாடத்தைச் சொல்கிறது. அங்கே பெரும் அன்புடன் பேணப்பட்ட மூன்று எஞ்சின் யுங்கர்ஸ் 52 விமானம் ஒன்று 2018 ஆகஸ்ட் 4 அன்று மலைகளுக்கிடையே விழுந்து 20 பேர் இறந்தனர். ஆபத்தான முறையில் விமானம் ஓட்டப்பட்டதை விசாரணை முதன்மைக் காரணமாகக் கண்டது. பராமரிப்புக் குறைகளையும் அது சுட்டிக்காட்டியது. பழைமையின்மீது கொண்ட பற்று, சோதித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு மாற்றாக முடியாது.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு பழைய விமானத்தின் அருகிலும் அதன் உற்பத்தி எண், உரிமையாளர்களின் வரிசை, நேர்ந்த விபத்துகள், மாற்றப்பட்ட பாகங்கள் ஆகியவை எழுதப்பட வேண்டும். அது நினைவாக இட்ட எண்ணைத் தாங்கியிருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பழைய பதிவேடுகளும் விபத்து விசாரணை அறிக்கைகளும் ஆய்வாளர்கள் எளிதில் அணுகும்படி ஓரிடத்தில் மின்வடிவில் தொகுக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறையும் புள்ளியியல் துறையும் சேர்ந்து இதை ஓர் ஆய்வுத் திட்டமாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொகுப்பின் முதல் வரிசையில் வி.டி.–சி.எல்.ஏ.வும் வி.டி.–சி.எஃப்.கே.யும் இடம்பெற வேண்டும். அருங்காட்சியகத்தில் நிறுத்த அவற்றின் உடற்கூடுகள் இல்லை; அவற்றில் சென்றவர்களின் வரலாறு இருக்கிறது.