குஸ்தியா, கராத்தேயா, குத்துச் சண்டையா? நிஜச் சண்டையில் வெல்வது எது?

கராத்தே வீரரும் குஸ்தி பயில்வானும் மோதினால் யார் ஜெயிப்பார்? டீக்கடையில் இந்தக் கேள்வி எழுந்தால் வாதம் இலேசில் ஓயாது. அந்த வாதத்தை மேடையிலேயே தீர்த்துப் பார்க்க, அமெரிக்காவில் சிலர் துணிந்தார்கள்.

1993-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி. டென்வர் நகரில் 8 வீரர்கள் கூடினார்கள். குத்துச் சண்டை, கராத்தே, ஜப்பானின் சுமோ மல்யுத்தம் என்று ஆளுக்கு ஒரு கலை. கடிக்கக் கூடாது, கண்ணில் குத்தக் கூடாது. மற்றபடி கட்டுப்பாடு மிகக் குறைவு!

முதல் மோதலில் 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள சுமோ வீரர் பாய்ந்து வந்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முகத்தில் விழுந்த உதையில் அவர் பல் தெறித்தது. தோற்றார்.

ஒல்லி மனிதரின் வெற்றி

அன்று பட்டம் வென்றவர் யார்? பிரேசில் நாட்டின் ராய்ஸ் கிரேசி. எடை சுமார் 80 கிலோதான்! எதிரியைத் தரையில் சாய்ப்பார். கையை முறுக்குவார், அல்லது கழுத்தை நெரிப்பார். குத்துச் சண்டை வீரர் ஒருவர் ஒரு கையில் மட்டும் உறை மாட்டிக்கொண்டு வந்தார். கிரேசி அவரைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார். அவரால் எழ முடியவில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டார். மூன்று எதிரிகளை வெல்ல கிரேசிக்கு ஆன நேரம், மொத்தம் 5 நிமிடத்துக்கும் குறைவு.

ரகசியம் என்ன?

இந்தக் கலையின் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1882-ல் கானோ ஜிகோரோ என்பவர் ஜூடோவை உருவாக்கினார். ஆபத்தான பிடிகளைப் பயிற்சிச் சண்டையிலிருந்து விலக்கினார். மற்ற பிடிகளை, முழு பலத்துடன் எதிர்க்கும் ஆளிடமே பழகச் செய்தார். அவருடைய பள்ளியில் பயின்ற மயேடா என்ற வீரர் 1914-ல் பிரேசிலுக்குப் போனார். கிரேசி குடும்பம் கற்றது அவரிடம்தான்.

எதிர்க்கும் ஆளிடம் பழகுவது! ரகசியம் அதுதான். குத்துச் சண்டை, குஸ்தி, தாய்லாந்தின் முவாய் தாய் ஆகியவற்றிலும் இந்தப் பழக்கம் உண்டு. காற்றில் மட்டும் கை வீசிப் பழகினால் என்ன ஆகும்? 2017-ல் சீனாவின் செங்டு நகரில் அது தெரிந்தது. தைச்சி ஆசான் ஒருவரை, சூ சியாவ்டாங் என்ற வீரர் சில விநாடிகளில் வீழ்த்திவிட்டார்.

அப்படியானால் கிரேசியின் கலைதான் எல்லாவற்றிலும் பெரிதா? அதுவும் இல்லை. தரைப் பிடிகளை மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். 2006-ல், குஸ்தியில் வளர்ந்த மாட் ஹியூஸ் முதல் சுற்றிலேயே கிரேசியை வென்றார். இன்று இந்த மேடையில் ஏறுபவர்கள் ஒரே கலையை நம்பி வருவதில்லை. குத்து, உதை, பிடி எல்லாவற்றையும் பயில்கிறார்கள்.

மேடை வேறு, தெரு வேறு

மேடையில் நடுவர் இருக்கிறார். வைத்தியர் இருக்கிறார். எதிரி ஒரே ஆள். தெருவில் நாலு பேர் சூழலாம். ஒருவன் கத்தியை உருவலாம். அங்கே ஒருவனைக் கட்டிப்பிடித்துத் தரையில் உருண்டால், அடுத்தவன் தலையில் மிதிப்பான். பட்டம் பெற்ற வீரரின் வயிற்றிலும் கத்தி இறங்கும்.

பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் பெல்ட்டின் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். "எதிர்த்து நிற்கும் ஆளிடம் பழக்குகிறீர்களா? அடிபடாமல் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று ஆசிரியரைக் கேட்க வேண்டும். மகளாக இருந்தாலும் மகனாக இருந்தாலும், பிடியை உதறுவதும், உரக்கக் கத்துவதும், ஓடித் தப்புவதும் முதல் பாடமாக இருக்கட்டும்.

ஓடுவது கோழைத்தனம் அல்ல. பிள்ளை காயமில்லாமல் வீடு வந்து சேர்ந்தால், தாய்க்கு அதைவிடப் பெரிய பட்டம் வேறு இல்லை!