கத்திரி வெயிலும் கறிவேப்பிலைச் செடியும்



சித்திரை பாதி கடந்ததும் நம் வீடுகளில் ஒரே புலம்பல்தான். "தை மாதத்தில் பூவும் பிஞ்சுமாகச் சிரித்த மாடி இப்படிப் பாலைவனமாகி விட்டதே! இரண்டு வேளையும் ஜலம் விட்டும் வாடுகிறதே!" என்று அங்கலாய்க்காதவர் யார்? மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கும் அக்கினி நட்சத்திரம் அந்த மாதக் கடைசி வரை நம்மை வறுத்தெடுக்கிறது. நாமாவது மின்விசிறிக்கு அடியில் உட்காரலாம். தொட்டியில் நிற்கும் செடி எங்கே போகும்?

உபாயங்களைச் சொல்வதற்கு முன்னால், நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

2019ஆம் வருஷத்துக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வற்றிப் போய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த வருஷம் அது. எங்கள் தெருவில் லாரி வரும் நாளே திருநாள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடப்போம். "மனிதர் குடிக்கவே ஜலம் இல்லை, செடிக்கு எங்கே போவது?" என்று நான் தோட்டத்தையே கைகழுவி விட்டேன்.

என் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அரிசி களைந்த ஜலத்தை மட்டும் ஒரு வாளியில் சேர்த்து வைத்து, பொழுது சாய்ந்ததும் கொல்லைக் கறிவேப்பிலைக்குக் கொண்டுபோய் விடுவார். தொட்டியிலிருந்த குண்டுமல்லி என் பொறுப்பு. அது இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. ஒருநாள் எரிச்சலில் அதை வேரோடு பிடுங்கிக் குப்பைப் பக்கம் எறிந்துவிட்டேன். மாமியார் அந்தக் குச்சியை எடுத்து நகத்தால் லேசாகச் சுரண்டினார். தோலுக்கு அடியில் பச்சைப் பசேலென்று இருந்தது.

"உயிர் இருக்கேம்மா இதில்!" என்றார். அவ்வளவுதான். திரும்ப நட்டுப் பார்த்தோம். அறுந்த வேர் பிடிக்கவில்லை. கறிவேப்பிலையோ, அதுவும் மொட்டையாக நின்றதுதான், ஆடியில் நாலு மழை விழுந்ததும் கணுவுக்குக் கணு துளிர்த்தது.

ஆகவே முதல் பாடம் இது: கோடையில் இலை உதிர்த்த செடியைச் செத்ததாக முடிவு கட்டாதீர்கள். ஜலச் செலவைக் குறைத்துக்கொள்ளவே சில செடிகள் இலையைக் கொட்டுகின்றன. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் பொறுத்திருங்கள். இலையில்லாத செடி அதிக ஜலம் குடிக்காது. மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும். பரிதாபப்பட்டு வாளி வாளியாக ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

இரண்டாவது, உச்சி வெயிலில் வாடும் செடியைக் கண்டு பதற வேண்டாம். வேர் உறிஞ்சித் தருவதைவிட வேகமாக இலையிலிருந்து ஈரம் ஆவியாகிப் போவதால் அது தலை சாய்க்கிறது. வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். விடியற்காலையிலும் வாடியிருந்தால்தான் அதற்குத் தாகம் என்று பொருள். ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு ஜலம் வேண்டாம். விடுவதைக் காலை ஏழு மணிக்குள் விட்டுவிடுங்கள். மேலாகத் தெளிக்காமல், வேர் வரை இறங்கும்படி நிதானமாக விடவேண்டும்.

மூன்றாவது, மண்ணை மூடுங்கள். உதிர்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார், எது கிடைத்தாலும் இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பலாம். தண்டை ஒட்டாமல் இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். கறையான் வருகிறதா என்று அவ்வப்போது கிளறிப் பாருங்கள்.

நான்காவது, தொட்டிகளைத் தனித்தனியே நிறுத்தாமல் நெருக்கமாகக் கூட்டி வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றொன்றுக்கு உதவும். கொதிக்கும் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வைப்பது நல்லது. மேற்கு வெயில் படும் பக்கம் பச்சை நிழல்வலை கட்டலாம். பழைய பருத்திப் புடவையும் போதும்.

ஐந்தாவதாக ஒரு சிக்கன உபாயம். மெருகு பூசாத மண்பானை ஒன்றைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதையுங்கள். ஜலம் நிரப்பித் தட்டால் மூடிவிடுங்கள். மண் காயக் காய, பானையிலிருந்து ஈரம் கசிந்து வேருக்குப் போகும். ஊருக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய ஒத்தாசை. ஒரு எச்சரிக்கை: குழம்பு வைத்து எண்ணெய் ஏறிய பழஞ்சட்டி உதவாது, அதன் நுண்துளைகள் அடைபட்டிருக்கும். வர்ணம் அடித்த பானையும் வேண்டாம்.

எந்த ஜலத்தை விடலாம் என்பதும் முக்கியம். அரிசி, பருப்பு, காய்கறி கழுவியதை அன்றன்றே விட்டுவிடுங்கள், நாள்பட்டால் நாறும். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் ஜலத்தில் உப்பு கிடையாது, தாராளமாக விடலாம். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழித்து வெளியே தள்ளும் ஜலத்திலோ உப்பு அதிகம். அதில் வீட்டைத் துடையுங்கள், தொட்டிக்கு வேண்டாம். பாத்திரம் தேய்த்த ஜலத்தைக் கொல்லையில் வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடலாம். துணி துவைத்த சோப்பு ஜலம் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

கத்திரியில் செய்யக்கூடாதவை மூன்று: உரம் போடாதீர்கள், தொட்டி மாற்றாதீர்கள், கிளைகளை ஒட்ட வெட்டாதீர்கள். வாடிய செடிக்கு இவை மூன்றுமே தண்டனை. குண்டுமல்லியைக் கவாத்துச் செய்யக் கார்த்திகை வரை பொறுங்கள்.

காலியான தொட்டிகளைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். மண்ணைக் கொட்டிக் கிளறி வெயிலில் காய வையுங்கள். வைகாசிக் கடைசியில் மக்கின சாண எரு கலந்து தயாராக வைத்துக்கொண்டால், ஆடிப் பட்டத்துக்கு நீங்கள்தான் முதல் ஆள். வெண்டை விதையை இரவு ஊறவைத்துக் காலையில் ஊன்றுங்கள். ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம். கொத்தவரை, புடலை, பாகல், பீர்க்கை எல்லாவற்றுக்கும் ஆடி ஏற்றது. அவரையை அப்போது போட்டால் தையில் பொங்கல் குழம்புக்கு ஆகும். பொறுமை இல்லாதவர்கள் சிறுகீரை தெளியுங்கள். இருபத்தைந்து நாளில் கூட்டு தயார்!

என் மாமியார் இப்போது இல்லை. கறிவேப்பிலை கொல்லையில் மாடி உயரத்துக்கு நிற்கிறது. தெருவில் பாதி வீடுகளின் தாளிப்புக்கு அதிலிருந்துதான் கொத்துப் போகிறது. ஒவ்வொரு கோடையிலும் அது இலை உதிர்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் பிடுங்கக் கை போவதில்லை, நகம்தான் போகிறது.

உங்கள் வீட்டு மாடியிலும் ஏதாவது ஒரு குச்சி நின்றுகொண்டிருக்கும். இன்று சாயங்காலம் போய்ச் சுரண்டிப் பாருங்களேன்.