23 வருடம் கழித்து வந்த பதக்கம்

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் சொல்தா தாத்தா இருந்த வீடுகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பெட்டிக்குள் நகையை விடப் பத்திரமாக இருக்க வேண்டியது, பிரெஞ்சுப் படையில் இருந்ததற்கான காகிதம். எந்த வருடம் சேர்ந்தார், இந்தோசீனாவா அல்ஜீரியாவா என்று அதில் இருந்தால்தான் பென்ஷன். காகிதம் இல்லையா... போருக்கே போகாத மாதிரிதான்!

இந்திய விமானப்படையில் ஒருவர் செய்த சாகசத்துக்கு அப்படி ஒரு காகிதமே இல்லாமல் போனது. குடகில் 1932இல் பிறந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யாதான் அவர். 1954இல் விமானப்படைக்கு வந்தவர், 1965 போர் தொடங்கியபோது புதிய விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஆதம்பூரில் இருந்த முதலாம் ஸ்குவாட்ரனுக்கு அனுப்பப்பட்டார்.

1965 செப்டம்பர் 7. விங் கமாண்டர் தனேஜா தலைமையில் பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தைத் தாக்க 12 விமானங்கள் போக வேண்டும். தேவய்யா அந்தப் பட்டியலிலேயே இல்லை, மாற்று ஆள்தான். ஒரு விமானம் விலகியதும் அந்த இடத்துக்கு அவர் போனார். ஓட்டியது பிரான்சில் செய்த மிஸ்தேர். (பிரெஞ்சில் மிஸ்தேர் என்றால் மர்மம். பெயர் பொருத்தத்தைப் பாருங்கள்!) எதிரே வந்ததோ ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும் அமெரிக்க ஸ்டார்ஃபைட்டர். அதை ஓட்டிய அம்ஜத் ஹுசைன் சுட்டதில் மிஸ்தேருக்கு அடிபட்டது. கதை முடிந்தது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் அடிபட்ட விமானத்திலேயே திரும்பி வந்த தேவய்யா, ஸ்டார்ஃபைட்டரைச் சுட்டு வீழ்த்தினார். அம்ஜத் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை.

இந்தியாவில் அவர் 'காணாமல் போனவர்', அவ்வளவுதான். 1979இல் ஜான் ஃபிரிக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் பாகிஸ்தான் விமானப்படை பற்றி எழுதிய புத்தகத்தில்தான் அந்தச் சண்டை வெளியே வந்தது. மகாவீர் சக்ரா 1988இல் கிடைத்தது. வாங்கியவர் அவருடைய மனைவி.

பார்த்த சாட்சி இல்லாமல் பதக்கம் எப்படிக் கொடுப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊகத்தை வைத்துக் கொடுக்க ஆரம்பித்தால் பதக்கத்துக்கே மதிப்பு இருக்காது. 1965க்கும் 1979க்கும் நடுவில் போன 14 வருடத்தை அதனால் மன்னித்துவிடலாம். புத்தகம் வந்த பிறகும் 9 வருடம் ஏன்? எதிரி நாட்டு ஆவணமே ஒப்புக்கொண்டதைச் சரிபார்க்க இத்தனை காலமா? ஒரு விதவைக்கு 9 வருடம் என்பது சின்ன விஷயமில்லை.

2025இல் 'ஸ்கை ஃபோர்ஸ்' என்று இந்தியில் படமே வந்துவிட்டது, அதிலும் பெயரை மாற்றிவிட்டார்கள். போர் வரலாறுகளை 5 வருடத்துக்குள் தொகுக்க வேண்டும், பதிவேடுகளின் ரகசியத்தைச் சாதாரணமாக 25 வருடத்தில் நீக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021இல் கொள்கை வகுத்தது. நல்லதுதான். அதை முதலில் 1965 போரின் பதிவேடுகளில் செய்து காட்டட்டும். அன்று பறந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிய வயது.