கண்டதை எழுதுவோம்

செய்முறைத் தேர்வு நெருங்கும் காலத்தில் மாணவியரிடையே ஒரு வழக்கம் தலைதூக்குவதைக் காண்கிறோம். புத்தகத்திலுள்ள விடையை முதலில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ற அளவீடுகளைப் பிறகு பதிவேட்டில் நிரப்பும் வழக்கமே அது. "விடை சரியாக வந்தால் போதாதா?" என்று கேட்பாரும் உண்டு. போதாது என்பதே எங்கள் கருத்து.

நமக்கு அருகிலுள்ள பிளவக்கல் அணையையே எடுத்துக்கொள்வோம். அதன் நீர்மட்டத்தை அளந்து குறிப்பவர், உழவர் மனம் குளிரட்டும் என்று இரண்டடி கூட்டி எழுதினால் என்னவாகும்? மதகு திறக்கும் நாளில் வத்திராயிருப்பு வயல்களுக்குப் பாய்வது ஏட்டில் எழுதிய நீரன்று. அணையில் இருக்கும் நீரே.

கண்ணுக்குத் தெரியாத அணு உலகிலும் இதுவே நியதி. எலெக்ட்ரான்களை ஒரு வாயுவினுள் செலுத்தி, எத்தனை நேரே கடந்தன, எத்தனை மோதிச் சிதறின என்று விஞ்ஞானிகள் அளக்கின்றனர். அதிலிருந்து ஓர் அணு எவ்வளவு பெரிய இலக்காக நிற்கிறது என்பதை அறிகின்றனர். வேகம் குறைந்த எலெக்ட்ரான் அணுவிடம் எளிதில் சிக்கித் திசைமாறும் என்பதே முற்கால எதிர்பார்ப்பு. ஆனால் 1921-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ராம்சவர் ஆர்கான் வாயுவில் கண்டது வேறு. குறிப்பிட்ட ஒரு குறைந்த வேகத்தில், அங்கே அணுவே இல்லாததுபோல் பெரும்பாலான எலெக்ட்ரான்கள் நேரே கடந்து சென்றன! அவர் தம் அளவீட்டை எதிர்பார்ப்புக்கு இசையத் திருத்தவில்லை. இங்கிலாந்தில் டவுன்செண்டும் பெய்லியும் தனியே ஆராய்ந்து அதையே கண்டனர். எலெக்ட்ரான் அலையாகவும் இயங்குகிறது என்னும் புதிய கணக்கு பிறந்த பின்னரே அதன் காரணம் விளங்கிற்று.

ஆகவே கணக்கு வேண்டாம் என்பதன்று எங்கள் வாதம். அளக்க இயலாத இடத்தில் கணக்கே வழிகாட்டும். குஜராத்தில் வல்லப வித்யாநகர்க் கல்லூரிப் பேராசிரியை மீனாக்ஷி வினோத்குமார், மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் சிதறுவதைக் கணக்கிட்டு ஆய்வுரைகள் வெளியிட்டுள்ளார். மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்தகைய மோதல்களை அளந்தும் வந்துள்ளனர். கணக்கை அளவு சோதிக்கிறது. அளவைக் கணக்கு விளக்குகிறது. இரண்டில் ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டால் சோதனை என்பதே இல்லாமற் போகும்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். கதிர்வீச்சு உடலில் பாயும்போது வேகம் குறைந்த எலெக்ட்ரான்கள் ஏராளமாகத் தோன்றுகின்றன. அவையும் உயிரணுவின் டி.என்.ஏ. இழையை முறிக்கக்கூடும் என்பதை 2000-ஆம் ஆண்டில் கனடாவில் சாஞ்சேயின் குழுவினர் காட்டினர். புற்றுநோய்க்குத் தரும் கதிர் சிகிச்சையை ஆராய்வோர் இத்தகைய எண்களை நம்பியே மேலே செல்கின்றனர். அந்த எண்களில் ஒன்று புனைந்ததாயின்?

நாளை நம்மில் ஒருத்தி மருந்தை அளக்கலாம். இன்னொருத்தி பாலத்தின் பாரத்தைக் கணக்கிடலாம். அதற்கான பயிற்சி இன்றைய பதிவேட்டிலேயே தொடங்குகிறது. சிறியதில் உண்மையாயிருக்க வேண்டும் என்பதை நம் மறைக்கல்வி வகுப்பிலும் கேட்கிறோம் அன்றோ?

ஆசிரியைகளை ஒன்று வேண்டுகிறோம். விடை சற்று விலகியிருந்தாலும், உள்ளபடி எழுதி, விலகியதன் காரணத்தை ஆராய்ந்தவளுக்கு மதிப்பெண் தாருங்கள். பெற்றோரே, "எத்தனை மதிப்பெண்?" என்பதோடு "என்ன கண்டாய்?" என்றும் கேளுங்கள். தோழியரே, கண்டதை எழுதுவோம், காணாததை எழுதாதிருப்போம்.