கொசியஸ்கோவை விட உயரத்தில்

கண்டங்களின் மிக உயர்ந்த சிகரங்களைக் கேட்டால் எங்கள் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். எவரெஸ்ட், அக்கொன்காகுவா, தெனாலி, கிளிமஞ்சாரோ, எல்புரூஸ், வின்சன், கொசியஸ்கோ. பரீட்சையில் புள்ளி விழும், அதோடு சரி. சொறிக்கல்முனைப் பக்கம் வயலையும் கடலையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு மலை என்பது புத்தகத்துப் படம்தான்.

அந்தப் பட்டியலின் கடைசிப் பெயரைக் கொஞ்சம் பாருங்கள். அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் உச்சியான கொசியஸ்கோ 2,228 மீற்றர். நுவரெலியாவில் இருக்கும் நம் பிதுருதலாகல 2,524 மீற்றர். ஒரு கண்டத்தையே தாண்டி நிற்கிறது நம் தீவு! நியூகினியையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் 4,884 மீற்றர் உயரமான புஞ்சாக் ஜயாவைச் சொல்வார்கள். அது வேறு கணக்கு. ஹோர்ட்டன் சமவெளியின் கிரிகல்பொத்தவும் தொட்டுபொலவும்கூட கொசியஸ்கோவை விட உயரம். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர், அதுவும் 15 மீற்றர் கூட. நாம் சிவனொளிபாதம் என்கிறோம், கல்முனை முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கிறார்கள், சிங்கள மக்களுக்கு அது சிறீபாத. 1344இல் இப்னு பதூதா வந்து ஏறிய மலை அது. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை கைக்குழந்தையோடும் ஊன்றுகோலோடும் சனங்கள் இரவிரவாகப் படியேறுகிறார்கள். அவுஸ்திரேலியாவின் உச்சியை விட உயரத்தில் நிற்கிறோம் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எவரெஸ்டும் நமக்குத் தூரமில்லை. 2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால அதன் உச்சியில் நின்றார். அங்கு ஏறிய முதல் இலங்கையர் ஒரு பெண், பெண்கள் உரிமைக்காக உழைப்பவர். கூடப் போன யொஹான் பீரிஸ் சிகை அலங்காரக் கலைஞர். அவர் உச்சிக்கு ஏறக்குறைய 400 மீற்றர் கீழே ஒட்சிசன் கோளாறால் திரும்பவேண்டி வந்தது. உச்சி கிட்டத்தில் இருக்கும்போது திரும்பி இறங்கவும் ஒரு துணிவு வேண்டும். 2018இல் மறுபடி போய் ஏறி முடித்தார். சிகரங்களின் பெயரைப் பாடமாக்கும் நம் பிள்ளைகள் இந்த இருவரின் பெயரையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பாடசாலைச் சுற்றுலாவை மொனராகலை, பதுளை வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குக் கொண்டுபோங்கள். 1,000 மீற்றர் ஏற ஏறக்குறைய 6.5 பாகை வெப்பம் குறையும் என்ற பாடத்தைப் பிள்ளைகள் அங்கே உடம்பால் படிப்பார்கள். கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும், இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடசாலையே ஒன்று தேடிக் கொடுக்கட்டும். பெண் பிள்ளைகளை மட்டும் வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.