தமிழை மறைத்து எழுதப்படும் விண்ணப்பங்கள்

கலிபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இலையுதிர் காலம் கவலைக் காலமாகும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் முதலாமாண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பம் ஆகஸ்ட் 1ஆம் நாள் திறக்கப்படுகிறது. அக்டோபர் முதல் நவம்பர் இறுதி வரை அது பெற்றுக்கொள்ளப்படுகிறது. இந்நாட்களில் கோயில் வளாகங்களிலும், பிறந்தநாள் விருந்துகளிலும், தமிழ்ப்பள்ளி வாசல்களிலும் பெற்றோர் ஒருவருக்கொருவர் அறிவுரை பரிமாறிக்கொள்வது வழக்கம். அவ்வறிவுரைகளுள் ஒன்று ஆண்டுதோறும் வலுப்பெற்று வருகிறது. "விண்ணப்பத்தில் தமிழ் என்ற பேச்சே வேண்டாம், ஆசியப் பிள்ளைகளை அவர்கள் எண்ணிப் பார்த்து ஒதுக்குகிறார்கள்" என்பதே அது.

இவ்வச்சம் வெற்றிடத்தில் பிறந்ததன்று. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தல், தமிழ் மாணவரிடம் கூடுதல் மதிப்பெண் கேட்டது. பல்கலைக்கழக வாசலில் இனம் பார்க்கப்படும் என்ற பாடத்தை ஒரு தலைமுறையே அன்று கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முறை மீது ஆசிய மாணவர் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023 ஜூன் மாதத்தில் தீர்ப்பானது. இச்செய்திகளைக் கேட்டு வளர்ந்த பெற்றோர் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆயினும் ஓரிடத்தில் பெற்ற காயத்தைக் கொண்டு மற்றோர் இடத்தின் விதியை அளப்பது பிள்ளைக்கு நன்மை தராது.

கலிபோர்னியாவின் விதி தெளிவானது. 1996 நவம்பரில் அம்மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 209ஆம் முன்மொழிவு, அரசுப் பல்கலைக்கழகங்கள் இனத்தின் பேரில் எவருக்கும் சலுகை காட்டுவதையும் எவரையும் ஒதுக்குவதையும் தடை செய்கிறது. 2020இல் அதனை நீக்கும் முயற்சி மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. எனவே ஆர்வர்டு வழக்குக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பிருந்தே இப்பல்கலைக்கழகம் அத்தடைக்குள் இயங்கி வருகிறது. தமிழ் என்று எழுதியதற்காக ஒரு விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கச் சட்டத்தில் இடமில்லை.

விண்ணப்பங்கள் மதிப்பிடப்படும் முறையையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு இருநூற்றுக்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண் ஒன்றே பெரும்பாலும் ஒரு மாணவரின் இடத்தை முடிவு செய்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய ஒற்றை எண் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் 15 ஓராண்டுப் பாடங்களை முடித்தலும், மாநிலத்தவர் குறைந்தது 3.0, வெளி மாநிலத்தவர் 3.4 என்ற தரப்புள்ளிச் சராசரி பெறுதலும் தகுதிக்கான வாசற்படி மட்டுமே. எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வுகளின் மதிப்பெண்கள் இப்போது சேர்க்கை முடிவில் கருதப்படுவதில்லை. அதற்கு மேல் 13 கூறுகளைக் கொண்டு விண்ணப்பம் முழுமையாகப் படிக்கப்படுகிறது. மாணவரின் தனித்திறன், அவர் எடுத்துச் செய்த பணிகள், வாழ்ந்த சூழல், எதிர்கொண்ட தடைகள் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். எட்டு வினாக்களுள் நான்கிற்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மிகாமல், மாணவர் தம் சொந்தச் சொற்களில் விடையளிக்க வேண்டும். தலைமைப் பண்பு, நெடுங்காலம் வளர்த்த திறமை, சமூகத்துக்குச் செய்த நன்மை, சந்தித்த இடர் என்பன அவ்வினாக்களின் பொருள்.

இத்தகைய வினாக்களுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் பலரிடம் உண்மையான விடை இருக்கிறது. ஆறு வயதில் தொடங்கிப் பதினாறு வயது வரை வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளிக்குச் சென்ற மகள் இருக்கிறாள். அங்கேயே பின்னர் மழலை வகுப்புக்கு உதவி ஆசிரியையாக நின்ற மகன் இருக்கிறான். ஆங்கிலம் அறியாத பாட்டியுடன் மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் கூறுவதைத் தமிழிலும் பாட்டி கூறுவதை ஆங்கிலத்திலும் எடுத்துரைத்த பேரப்பிள்ளைகள் எத்தனையோ பேர். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. இவற்றைப் பெற்றோர் சாதனை என்று கருதுவதில்லை, "வீட்டு வேலையை எல்லாம் எழுதுவார்களா?" என்று கேட்கின்றனர். பின்னர் அவ்விடத்தை நிரப்புவதற்காகப் பணம் கட்டிச் சேர்ந்த கோடை முகாமும், இரு வாரங்கள் வெளிநாடு சென்று செய்த தொண்டும் விண்ணப்பத்தில் இடம்பெறுகின்றன. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தில், அத்தகைய விண்ணப்பம் மற்றவற்றிலிருந்து பிரித்தறிய இயலாததாகிறது.

விண்ணப்பப் படிவத்திலேயே இதற்கு இடம் உண்டு. செயற்பாடுகள் பகுதியில் 20 பதிவுகள் வரை செய்யலாம். கட்டாயப் பாடங்களுக்கு வெளியே பயின்றவை, தொண்டு, வேலை, விருது எனத் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. தமிழ்ப்பள்ளிப் படிப்பு அவற்றுள் முதலாவதற்கும், கற்பித்தல் தொண்டுக்கும் உரியவை.

இன்னொரு வழியும் உண்டு. 15 பாடங்களுள் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் அல்லாத மொழியொன்றுக்கு உரியவை. வகுப்பிலோ தேர்விலோ ஒரு மொழியை மெய்ப்பிக்க வாய்ப்பில்லாதபோது, உயர்நிலைப் பள்ளி முதல்வரின் சான்றினைப் பல்கலைக்கழகம் ஏற்கிறது. அம்மொழியில் அக்கறை கொண்ட பண்பாட்டு அமைப்புகளின் கருத்தினையும் முதல்வர் அதற்கு ஆதாரமாகக் கொள்ளலாம். அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாகக் கலிபோர்னியா 2012 முதல் வழங்கிவரும் இருமொழித் திறன் முத்திரையும் தமிழ் மாணவர் நாடத்தக்கதே. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளிலேயே பள்ளி ஆலோசகரிடம் இதுபற்றிக் கேட்டறிந்தால், நவம்பரில் திகைக்க வேண்டியதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. தமிழ் என்ற சொல்லுக்கென்று தனி மதிப்பெண் எதுவும் இல்லை. தமிழின் தொன்மையைப் பற்றி 350 சொற்களும் எழுதி முடிக்கும் மாணவர் தம்மைப் பற்றி ஒன்றும் கூறாதவராகிறார். மொழியின் பெருமை மொழியினுடையது. அம்மொழியைக் கொண்டு தாம் என்ன செய்தார், அதனால் தாம் எவ்வாறு மாறினார் என்பதே கேட்கப்படுகிறது. எட்டாம் வகுப்பில் தமிழைக் கைவிட்ட பிள்ளை, விண்ணப்பத்துக்காகத் தமிழ்த் தொண்டராக மாறுவதும் ஏற்புடையதன்று. விண்ணப்பங்களுள் சிலவற்றைத் தெரிவு செய்து, எழுதியவற்றுக்குச் சான்று கேட்கும் வழக்கம் இப்பல்கலைக்கழகத்துக்கு உண்டு; பொய்யெனத் தெரிந்தால் இடம் பறிபோகும். பெற்றோரோ கட்டண ஆலோசகரோ எழுதித் தரும் விடையில் பதினேழு வயதின் குரல் ஒலிப்பதில்லை.

மறைப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதே கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தமிழ் பல பத்தாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. அங்கு தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய ஜார்ஜ் ஹார்ட், புறநானூற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களுள் ஒருவர். தமிழ் செம்மொழியே என்று 2000 ஏப்ரலில் அவர் எழுதிய அறிக்கை உலகத் தமிழர் பலரும் எடுத்தாண்ட ஒன்று. 2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. தமிழுக்காகப் பேசிய அப்பேராசிரியரின் பல்கலைக்கழகத்திடமே தமிழ்ப் பிள்ளைகள் தம் தமிழை ஒளிப்பது பொருந்துமா?

தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதில் கடமை உண்டு. மாணவர் பயின்ற ஆண்டுகள், கற்பித்த மணிகள் ஆகியவற்றுக்கு முறையான பதிவேடு வைத்தலும், கேட்கும்போது தாமதமின்றிச் சான்று வழங்குதலும் அவற்றின் பணியாக வேண்டும். பெற்றோர் செய்யத்தக்கது இன்னும் எளிது. பிள்ளை எழுதியதைத் திருத்துமுன், ஏன் அதை எழுதினாய் என்று ஒருமுறை கேட்டு, விடையை இறுதிவரை செவிமடுத்தல் போதும்.

பெர்க்லியோ லாஸ் ஏஞ்சலிஸோ கிடைக்காமல் போகலாம். இளநிலைப் பட்டப்படிப்புக்கு அப்பல்கலைக்கழகத்தில் ஒன்பது வளாகங்கள் உள்ளன. சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு பயின்று மாறிச்செல்லும் வழியும் மதிப்புக்குரியதே. இடம் தவறினால் வேறு வழி உண்டு. ஆனால் வாழ்வின் முதற்பெரும் விண்ணப்பத்திலேயே, வீட்டையும் மொழியையும் மறைத்தால்தான் முன்னேறலாம் என்று ஒரு பிள்ளைக்குக் கற்பித்துவிட்டால், கேட்ட இடமே கிடைத்தாலும் அப்பாடம் எளிதில் மறவாது. அவர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பாரா என்பதும் அந்த நவம்பரிலேயே முடிவாகிவிடக்கூடும்.