ஆட மாட்டேன் என்று சொல்ல முடிந்தவர்

2025இல் மெர்டேக்கா ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் திங்கள் விடுமுறை. அன்று இரவு பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் உட்கார நாற்காலி இல்லை. இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் கெடு நம் நேரப்படி செவ்வாய் விடியற்காலை 2 மணிக்கு முடிகிறது. விடிந்தால் வேலை என்று தெரிந்தும் யாரும் எழுந்து போகவில்லை. எல்லார் கையிலும் கைப்பேசி. எல்லார் வாயிலும் ஒரே பெயர்: அலெக்சாண்டர் இசாக்.

காற்பந்து பார்க்காத வீட்டாருக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவீடனைச் சேர்ந்த இசாக்கை 2022இல் நியூகாசல் அணி ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டு எடுத்தது. ஒப்பந்தம் 2028 வரை. 2024-25 பருவத்தில் லீக்கில் மட்டும் 23 கோல். மார்ச் மாதம் லீக் கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக அவர் போட்ட கோலும் சேர்ந்துதான் 70 ஆண்டுகளுக்குப் பிறகு நியூகாசலுக்கு ஓர் உள்நாட்டுக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. பிறகு ஜூலையில் அணி ஆசியாவுக்கு வந்தபோது அவர் வரவில்லை. தொடையில் சின்னக் காயம் என்றார்கள். ஆனால் ஆள் ஸ்பெயினில் தன் பழைய கிளப்பின் மைதானத்தில் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். பருவம் தொடங்கியும் இறங்கவில்லை. ஆகஸ்ட் 19ஆம் தேதி அறிக்கை விட்டார். எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்பது அதன் சாரம். அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்றது கிளப்.

எங்கள் மேசையில் ஒரு நியூகாசல் ரசிகர் இருக்கிறார். கிள்ளான்காரர். இந்த ஊரில் நியூகாசல் ரசிகரைத் தேடுவது பிரிக்பீல்ட்ஸில் தீபாவளிக்கு முதல் நாள் கார் நிறுத்த இடம் தேடுவதைப் போல. 1996இல் ஆலன் ஷியரர் அங்கே போனதிலிருந்து இவரும் அங்கேயே இருக்கிறார். ஜூலையில் இசாக்கைப் பார்க்கவென்றே பஸ் பிடித்துச் சிங்கப்பூர் போனார். ஆர்சனலுடன் ஆட்டம். இசாக் இல்லை, ஆட்டமும் 3-2 என்று தோல்வி. அந்த டிக்கெட் காசை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

“சம்பளம் வாங்குறான் இல்ல? அப்புறம் வேலைக்கு வரமாட்டேன்னா என்னய்யா அர்த்தம்? நான் நாளைக்கு ஆபீஸ்ல போயி இப்படிச் சொன்னா பாஸ் சும்மா விடுவானா?”

நான் லிவர்பூல் ரசிகன். இசாக் எங்களுக்கு வரப்போகிறார். ஆகவே நியாயம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மனிதனை அடிமை மாதிரி கட்டிப்போட முடியாது. ஆட்டக்காரன் காலுக்கு ஆயுள் குறைவு. முப்பது வயதுக்கு மேல் யார் கூப்பிடுவார்கள்? வக்கீல் மாதிரி வாதாடினேன். தே தாரேக் இரண்டாவது சுற்று வந்தது.

கிள்ளான்காரர் கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். “சரி. அப்போ மே மாசம் ட்ரெண்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டை என்னன்னு திட்டுன?”

துரோகி என்றுதான் திட்டினேன். இதே கடையில், சத்தமாக.

ஆறு வயதில் லிவர்பூல் பயிற்சிப் பள்ளிக்குள் வந்த பையன் அவர். அணி லீக் வெற்றியாளரான பருவத்தில் கடைசி வரை ஆடிவிட்டு, ஒப்பந்தம் முடியும் காலத்தில் புதுப்பிக்க மறுத்து, ரியல் மாட்ரிட் போனார். ஆன்பீல்டில் ஆர்சனலுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கியபோது சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். நானும் தொலைக்காட்சிக்கு முன்னால் ஊளையிட்டேன். வீட்டில் எழுந்து வந்து திட்டினார்கள். ஒப்பந்தத்தில் எழுதியதை எழுதியபடி செய்தவர் எனக்குத் துரோகி. மூன்று ஆண்டு மீதம் இருக்கும்போது ஆட மறுத்தவர் எனக்கு உரிமைப் போராளி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. ரொட்டி சானாய் ஆர்டர் பண்ணினேன்.

இப்படி மறுப்பது புதிதும் அல்ல. 1998இல் நாட்டிங்ஹாம் பாரஸ்டின் பியர் வான் ஹூய்டோங்க், தன் கூட்டாளியை விற்றுவிட்டார்கள், சொன்ன வாக்கை மீறிவிட்டார்கள் என்று மாதக்கணக்கில் வரவில்லை. நவம்பரில் திரும்பி வந்து டார்பி அணிக்கு எதிராகக் கோல் போட்டார். சக ஆட்டக்காரர்கள் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. பந்தைக் கொடுத்தவரைப் போய்க் கட்டிப்பிடித்தார்கள். அந்தப் பருவத்தில் அணி கீழ் லீக்குக்கு இறங்கியது.

மேசையின் ஓரத்தில் கிள்ளான்காரரின் அக்காள் மகன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. இதற்கு முன் ஐந்தாறு ஆண்டு நம் லீக்கில் ஆடியவன் என்று எனக்கு அன்றுதான் தெரியும். எந்தக் கிளப் என்று சொன்னான்; எழுத வேண்டாம் என்றும் சொன்னான்.

“நாலு மாசம் சம்பளம் வரல அங்கிள். அடுத்த வாரம், அடுத்த வாரம்னே சொன்னாங்க. டெய்லி சாயங்காலம் அஞ்சு மணிக்கு ட்ரெய்னிங். கிள்ளான்லேர்ந்து மோட்டார்ல போய்ட்டு வரணும். பெட்ரோலுக்கு மாமாகிட்டதான் வாங்குனேன்.”

கிள்ளான்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

“ஆட மாட்டேன்னு சொல்லலையா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு சுலபமான கேள்வி என்று தோன்றியது.

“யாரு அங்கிள் நம்பள தேடப் போறா? நான் வரலன்னா அன்னிக்கே இன்னொரு பையன் வந்து நிப்பான். அவனுக்கும் சம்பளம் கிடையாது, ஆனா வருவான்.” ஒப்பந்தத் தாளை அவன் இன்னும் வைத்திருக்கிறான். பயிற்சிக்குத் தாமதமாக வந்தால் எவ்வளவு வெட்டு என்று அதில் இருக்கிறதாம். சம்பளம் தாமதமாக வந்தால் அவர்களுக்கு என்ன வெட்டு என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. இபிஎஃப் கணக்கைத் திறந்து பார்த்தால் அந்த மாதங்கள் காலி. கடைசியில் பாதித் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டான்.

விதி இல்லாமல் இல்லை. உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா 2018இல் ஒரு விதியைச் சேர்த்தது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், ஆட்டக்காரர் எழுத்து மூலம் கேட்டு 15 நாள் அவகாசம் தரலாம். அப்போதும் வராவிட்டால் தகுந்த காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம். நம் நாட்டிலும் ஆட்டக்காரர்கள் சங்கம் இருக்கிறது. பலருக்காக வழக்காடியும் இருக்கிறது. அவனுக்கும் இதெல்லாம் தெரியும். வெளியே வந்து போவதற்கு ஓர் இடம் வேண்டுமே!

அந்த இடங்கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணியாகத் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, 2019இல் சூப்பர் லீக்குக்கு வந்த அணியை நினைவிருக்கிறதா? 2022 பருவம் முழுவதையும் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் ஆடி முடித்தது. அந்த ஆண்டோடு லீக்கை விட்டே விலகியது. நம் பையன்கள் தட்டிப் பார்க்க ஒரு கதவு இருந்தது, அதுவும் போயிற்று. கெடா அணிக்குச் சம்பளப் பாக்கி முற்றி 2025-26 பருவத்துக்கு உரிமமே கிடைக்கவில்லை. பேராக்கும் இல்லை. எங்கள் கோலாலம்பூர் சிட்டி 32 ஆண்டுகள் காத்திருந்து 2021இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது. மறு ஆண்டே ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டம் வரை போனது. அந்த அணியின் சம்பளப் பாக்கியும் அடிக்கடி செய்தியாக வந்ததுதான். அந்தச் செய்திகளை நான் படித்திருக்கிறேன். ஒரு நாள்கூட அதற்காக இரவு 2 மணி வரை உட்கார்ந்து வாதாடியதில்லை.

இன்னொன்றையும் அவன் சொன்னான். பாக்கி மூன்றாவது மாதம் நீண்டபோது ஒரு சொந்த மைதான ஆட்டத்தில் 3-0 என்று தோற்றார்கள். வேலி ஓரத்தில் ஒருவர், தமிழர்தான், “வாங்குற சம்பளத்துக்கு ஆடுங்கடா!” என்று கத்தினாராம். “அப்படிப் பார்த்தா அன்னிக்கு நாங்க ரொம்ப நல்லாவே ஆடுனோம் அங்கிள்” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதிரி வேலி ஓரத்தில் நின்று அந்த மாதிரி நானும் கத்தியிருக்கிறேன்.

விடியற்காலையில் செய்தி உறுதியானது. 12.5 கோடி பவுன். பிரிட்டனில் அதுவரை இல்லாத தொகை. அன்றைய மதிப்பில் நம் காசில் 70 கோடி வெள்ளிக்கு மேல். பக்கத்து மேசையில் லிவர்பூல் சட்டைக்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். நான் எழுந்திருக்கவில்லை, அதற்கு முழங்கால் வலியும் ஒரு காரணம். கிள்ளான்காரர், “போகட்டும், காசாவது வந்துச்சே” என்றார். ஒரு வாரத்துக்கு முன் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து, பத்துப் பேராகிவிட்ட தன் அணி லிவர்பூலிடம் கடைசி நிமிடத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் போட்ட கோலால் தோற்றதைப் பார்த்தவர். அதற்கு மேல் அவருக்குக் கோபப்படத் தெம்பில்லை.

காருக்கு நடந்துபோகும்போது பையனிடம், இப்போது ஆடுவதே இல்லையா என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை கிள்ளான்ல ஆடுறேன் அங்கிள். கம்பெனி டீம். ஒரு ஆட்டத்துக்கு எண்பது வெள்ளி.”

“ஒழுங்காக் குடுக்கிறாங்களா?”

“பூட்ஸைப் பையிலேயே வச்சிருப்பேன். காசு கைக்கு வந்ததும்தான் எடுத்து மாட்டுவேன்.”